அரங்குவீட்டு ஜாடிகள்

பாளையங்கோட்டை

அன்பு மகனுக்கு,

நீ புகை பிடிக்கிற பைப் வாங்கியிருக்கிறாய் என்று உங்க அம்மைதான் முதலில் சொன்னாள். நீ அனுப்பிய படத்தில், மேஜை ஓரத்தில் கிடந்ததை அவள் கண்ணு பிடித்துவிட்டது. எனக்குக் கோபம் இல்லை, ஐயா. முப்பது வருசம் கப்பலின் எஞ்சின் அறையில் வெந்து, வேலை முடிந்ததும் மேல்தளத்தில் ஒரு பைப் பிடித்தால்தான் தூக்கம் என்று இருந்தவன் நான். ஆனால் டாக்டர் சொல்லி மூன்று வருசமாக நான் தொடவில்லை என்பதும் உனக்குத் தெரியும். நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயையும் தொண்டையையும் புகை சும்மா விடாது. வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதோடு நிறுத்திக்கொள். அந்த ஒன்றும் நல்லதாக இருக்கட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பிரித்த புகையிலைப் பாக்கெட்டை எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். பாக்கெட்டில் வைக்கவே வைக்காதே. கிளாஸ்கோவில் வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். ஒரே மாதத்தில் புகையிலை சருகாகிவிடும். மூடியில் ரப்பர் வாஷர் உள்ள கண்ணாடி ஜாடி வாங்கு. வெந்நீரில் கழுவி, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காயவிட்டு, புகையிலையைக் கழுத்து வரை போட்டு இறுக்க மூடு. வெயிலும் சூடும் படாத அலமாரியில் வை. ஃபிரிட்ஜ் வேண்டாம். மூடியில் பெயரும் மாதமும் வருசமும் எழுது. ஞாபகம் இருக்கும் என்று நினைப்பாய், இருக்காது.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். 1998-ல் ஆறு தகர டின்களை மணப்பாட்டில் ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறினேன். அலைச்சத்தம் கேட்கிற வீடு. பதினோரு மாதம் கழித்து வந்து பார்த்தால், டின் அடியில் உப்புக்காற்று குண்டூசி முனை அளவுக்கு அரித்து ஓட்டை போட்டிருந்தது. உள்ளே இருந்ததை விரலில் தேய்த்தேன், தேரிமணல் மாதிரி உதிர்ந்தது. பானை ஓட்டுச் சில்லு ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே துடைத்து, புகையிலையோடு ஜாடியில் இரண்டு நாள் வைத்துப் பதம் மீட்டேன். பதம் வந்தது. போன வாசனை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் புகையிலையை ஜாடிகளில் போட்டு, நம் வீட்டு உள்ளறையான அரங்குவீட்டில் வைக்க ஆரம்பித்தேன். சித்திரை வெயிலில் பட்டாசல் கூடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிறபோதும் அரங்குவீடு இருட்டாக, குளிர்ச்சியாக இருக்கும். ஆச்சி உப்பும் புளியும் வைத்த இடம். கருப்பட்டிக் கொட்டானை மட்டும் அவள் அங்கே வைக்கமாட்டாள், அடுப்புக்கு மேலே பரணில்தான். புகை பட்டால் கருப்பட்டி கசியாது. ஒரு வருசம் போனதும் எடுத்துக் காப்பி போட்டால் அதன் வாசனையே வேறு. சைப்ரஸில் விறகுப் புகையில் வாட்டி எடுக்கிற லடாக்கியா இலையை முதன்முதல் மோந்தபோது, எனக்கு அந்தப் பரண்தான் நினைவுக்கு வந்தது.

எல்லா இலையும் வைக்க வைக்க மெருகேறும் என்று நினைத்துவிடாதே. வர்ஜீனியா என்ற ரகத்துக்குத்தான் அந்தக் கொடுப்பினை. அதில் சர்க்கரை அதிகம். மூடிய ஜாடிக்குள் மெல்லப் புளித்து, நிறம் கறுத்து, காரம் அடங்கி, உலர்ந்த அத்திப்பழ வாசனைக்கு வரும். ஐந்து வருசத்தில் நாக்குக்கே தெரியும். லூசியானாவில் பீப்பாயில் போட்டு அழுத்திப் புளிக்கவைக்கிற பெரிக் இலை கொஞ்சம் கலந்திருந்தால் இன்னும் விசேஷம். லடாக்கியா அப்படி இல்லை, வருசம் ஏற ஏறப் புகைவாசனை தணிந்துகொண்டே போகும். உன் பாக்கெட்டில் இருப்பது வெனிலா வாசனை ஏற்றிய ரகம். அதைக் காத்து வைத்து ஆவது ஒன்றும் இல்லை, சீக்கிரம் தீர்த்துவிடு.

பழைய ஜாடியைத் திறக்கும்போது இலைமேல் பொடிப்பொடியாக மின்னினால் பயப்படாதே, அது தானாக விளைந்த படிகம். பஞ்சு மாதிரி, ஒட்டடை மாதிரி படர்ந்து மக்கிய வாடை அடித்தால் பூசணம். மேலாக எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிடிக்கலாம் என்ற சிக்கனம் கூடாது, மொத்தமாகக் கொட்டிவிடு.

நாக்கு எரிகிறது என்று சொன்னாயாம். ஈரப் புகையிலையை அவசரமாக இழுத்தால் எரியத்தான் செய்யும். ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்குள் அமுக்கி விடு. கட்டியாகவே நின்றால் ஈரம். ஒரு தட்டில் பரப்பி அரைமணி நேரம் ஆறவிடு. மெல்ல விரிந்து கொடுத்தால் அதுதான் பதம். பைப்பில் மூன்று தடவையாகப் போடு: முதலில் சும்மா உதிர்த்துவிட வேண்டும், இரண்டாவது லேசாக அமுக்கல், மூன்றாவது கொஞ்சம் அழுத்தம். தீக்குச்சியில் மருந்து எரிந்து முடியட்டும், பிறகு கொண்டுபோ. முதல் பற்றலில் இலை பொங்கி எழும். அதை மெல்லத் தட்டி அமர்த்திவிட்டு மறுபடி பற்றவை. பாதியில் அணைந்தால் குறை இல்லை, அணைகிற அளவுக்கு நிதானமாக இழுத்தால்தான் ருசி தெரியும். முடிந்ததும் குழாயைத் துடைத்து, மறுநாள் அந்தப் பைப்புக்கு ஓய்வு கொடு.

அரங்குவீட்டில் இப்போது ஏழு ஜாடி இருக்கிறது. ஆறை நீ எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஏழாவது, மூடியில் 2011 என்று எழுதியிருப்பது, நீ வேலைக்குக் கிளம்பிப் போன வாரம் நான் நிரப்பி மூடியது. சுத்தமான வர்ஜீனியா ஃபிளேக், இலையை அழுத்தி வில்லையாக நறுக்கியது. உன் கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று நினைத்தேன், அப்போது வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று. பிறகு எனக்கே கூடாது என்றாகிவிட்டது. பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, உன் பைப்பையும் எடுத்துவா. மூடியை நான் திறக்கிறேன். நீ முன்பக்கத் தார்சாவில் உட்கார்ந்து பிடி, நான் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு நாற்காலி போட்டு வாசனை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். உங்க அம்மையிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நாள்தான் என்றாள்.

உன் அப்பா