பஸ் செலவையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழோடு வந்த ஆடித் தள்ளுபடி இணைப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். தி.நகர் ரங்கநாதன் தெருவில் எந்தத் துணி என்ன விலை, உஸ்மான் சாலையில் எது மலிவு என்று படத்தோடு போட்டிருந்தீர்கள். அன்று மத்தியானமே என் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, இந்த வருஷமும் ஒரு நாள் போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

செஞ்சியில் 19 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வரவு செலவு நோட்டு எழுதும் பழக்கம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஒரு அட்டை கொக்கி வாங்கினாலும் எழுதிவிடுவேன். போன தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்னால் நானும் நாத்தனாரும் அவள் மகளும் தி.நகர் போய் வந்த கணக்கும் அதே நோட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

விடியற்காலை 5 மணி பஸ். ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 100 ரூபாய். மூன்று பேர் போக வர 600. முன்பெல்லாம் சென்னை பஸ் கோயம்பேடு வரை போகும், நாங்கள் கிண்டியிலேயே இறங்கிக்கொள்வோம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு பஸ் அங்கேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்து, மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினோம். திரும்பும்போதும் அதே மாதிரி. ஆட்டோவும் ரயிலும் சேர்ந்து 220. காலை டிபன் 210, மத்தியானச் சாப்பாடு 390, டீ, தண்ணீர், சாயங்காலம் பெண்ணுக்குப் பசிக்கிறது என்று வாங்கியது எல்லாம் 130. மொத்தம் 1,550 ரூபாய். இதில் ஒரு ரூபாய்க்கும் துணி வாங்கவில்லை.

அப்புறம் வாங்கிய துணிக்கு வருகிறேன். மூன்று புடவை, இரண்டு சுடிதார், பிள்ளைகளுக்கு மூன்று செட். நான் தையல்காரி என்பதால் துணியைத் தொட்டால் ரகம் தெரியும். ஊருக்குத் திரும்பிய மறுநாள் எங்கள் காந்தி பஜாரில் அதே ரகங்களுக்கு விலை கேட்டு எழுதி வைத்தேன். 890 ரூபாய்க்கு நாங்கள் வாங்கிய புடவை இங்கே 1,110. ஒரு புடவைக்கு 220 என்று மூன்றுக்கு 660 மிச்சம். சுடிதாருக்கு 150 வீதம் 300. பிள்ளைகள் துணியில் செட்டுக்கு 80 வீதம் 240. ஆக 1,200 ரூபாய் மிச்சம். சென்னையில் விலை குறைவு என்பது பொய்யில்லை. நிஜமாகவே குறைவுதான். ஆனால் 1,200 ரூபாயை மிச்சம் பிடிக்க 1,550 செலவழித்திருக்கிறோம்.

அதோடு தீபாவளி நேரத்தில் தையல்காரிக்கு ஒரு நாள் என்பது சும்மா போகிற நாள் இல்லை. அந்தச் சமயத்தில் இரவு 11 மணி வரை மிஷின் ஓடும். லைனிங் வைத்த ஜாக்கெட் ஒரு நாளைக்கு நான்கு முடிப்பேன், கூலி ஒன்றுக்கு 200. அந்த 800 ரூபாயும் போயிற்று. நாத்தனாருக்கு அன்று ஞாயிறு, லீவு. அதனால் அவள் கணக்கில் அது வராது. என் கணக்கில் வரும். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள், மாடு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வரும். கறவை மாட்டை ஒரு நாள் அடுத்த வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போக எத்தனை பேரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது என்பது கிராமத்துப் பெண்களுக்குத் தெரியும்.

நோட்டில் எழுதியும் நஷ்டம் என்று குறிக்காத ஒரு செலவும் உண்டு. இரண்டு போர்வை, ஒரு கைப்பை, எவர்சில்வர் டப்பா, இன்னும் சில்லறைச் சாமான்கள், மொத்தம் 1,400 ரூபாய். எல்லாமே மலிவுதான். ஆனால் புறப்படும்போது எழுதிய சீட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்ற எண்ணம் நடக்க நடக்கக் கூடிக்கொண்டே வந்தது. பஸ்ஸுக்குக் கொடுத்த காசை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்று இன்னும் நான்கு பொருள் வாங்கினோம். ஈடானதா என்றால் இல்லை.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் ஒரு புடவையில் முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இழை விட்டுப்போயிருந்தது. கடைக் கூட்டத்தில் விரித்துப் பார்க்க இடமில்லை, பார்க்கவில்லை. ஏழு நாளுக்குள் கொண்டு வந்தால் மாற்றித் தருவதாக ரசீதில் அச்சடித்திருந்தார்கள். கொண்டு போக வேண்டுமானால் மறுபடி ஒரு ஆள், மறுபடி 300 ரூபாய், மறுபடி ஒரு நாள். நானே தையல் போட்டு மறைத்து நாத்தனாரிடம் கொடுத்தேன். காந்தி பஜாரில் வாங்கியிருந்தால் சைக்கிளில் போய்ப் பத்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டு வந்திருப்பேன். புடவையைக் கையில் எடுத்துப்போய் நூல் கண்டை அதன் மேல் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குகிற வசதியும், ஐப்பசி பிறந்ததும் தருகிறேன் என்று சொல்லிக் கணக்கில் எழுதச் சொல்கிற உரிமையும் அந்த 1,110 ரூபாய்க்குள் அடங்கியிருக்கிறது. உங்கள் இணைப்பில் விலையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

இதைப் படித்துவிட்டு வெளியூருக்கே போகக் கூடாது என்று சொல்கிறேன் என நினைத்துவிடாதீர்கள். நானே போகிறேன். செஞ்சியில் தையல் கடை வைத்திருக்கும் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒருவரைச் சென்னை பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெருவுக்கு அனுப்புகிறோம். இங்கே சில்லறைக்கு மீட்டர் 45 ரூபாய் கொடுக்கும் லைனிங் துணி அங்கே மொத்தமாக எடுத்தால் 28. நான்கு பேருக்குமாக 120 மீட்டர் எடுத்தால் 2,040 ரூபாய் மிச்சம். போகிறவருக்குப் பஸ், சாப்பாடு, மூட்டைக்குக் கூலி எல்லாம் சேர்த்து 500க்குள் முடிந்துவிடும், அதை நால்வரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். போகிறவருக்கு அன்று போன கூலிக்காக அவர் பங்கில் 100 ரூபாய் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஒரு மீட்டர் வாங்கப் போனாலும் பஸ் டிக்கெட் அதேதான், 120 மீட்டர் வாங்கப் போனாலும் அதேதான். மூன்று புடவைக்குப் போனபோது அடி வாங்கியதும் இதில் கை கொடுத்ததும் அந்த வித்தியாசத்தால்தான். கல்யாணத்துக்கு முப்பது புடவை எடுக்கிற குடும்பம் தாராளமாகச் சென்னை போகட்டும். காஞ்சிபுரமும் போகட்டும்.

என் தம்பி கடலூரில் இருக்கிறான். புதுச்சேரி எல்லைக்குள் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று முள்ளோடை வரை பைக்கில் போய்ப் போட்டுக்கொண்டு வருவான். அவனையும் உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். அவன் போடுவது 5 லிட்டர், மிச்சம் சொற்பம்தான். வீட்டிலிருந்து போக வர 18 கிலோமீட்டர். அவன் வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கிறது. ஆக 40 ரூபாய் அளவுக்குப் பெட்ரோல் வழியிலேயே எரிந்துவிடுகிறது. அவன் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புதுச்சேரியில் வேலை. அவர் தினம் அந்த வழியாகத்தான் வருகிறார், நிரப்பிக்கொண்டு வருகிறார். அவருக்கு அது முழு லாபம். தம்பி அவரைப் பார்த்துத்தான் ஆரம்பித்திருக்கிறான். இப்போது நிறுத்திவிட்டான்.

எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை வாரச்சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால், சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்கள் என் கடைக்கு ஜாக்கெட் கொடுக்கவும் வாங்கவும் ஒரே நாளில் முடிகிற மாதிரி பார்த்துக்கொள்வார்கள். சந்தைக்கு வருவதையும் அப்படித்தான் எண்ணி எண்ணி வருவார்கள். கால் கிலோ கத்தரிக்காயில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் பஸ்ஸுக்கு இருபது ரூபாய் போய்விடும். இப்போது அந்த இருபது இல்லை. சந்தையில் குறைகிற ஐந்து ரூபாய் அப்படியே அவர்கள் முடிச்சில் தங்குகிறது. ஒரு பொருள் மலிவா இல்லையா என்பதைப் பஸ் டிக்கெட் எப்படித் தீர்மானிக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தது இந்தச் சந்தையில்தான். ஆனால் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ போகிற வெளியூர் பஸ்ஸில் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதையும் மறக்கக் கூடாது.

விழுப்புரம் என்றதும் இன்னொன்று. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். அந்தத் தள்ளுபடி சென்னைக் கடைக்கு மட்டும் உரியதில்லை. விழுப்புரம் கடையிலும் அதேதான். செஞ்சியிலிருந்து விழுப்புரம் 40 கிலோமீட்டருக்குள். காலையில் போய்ச் சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். வெளியே சாப்பிடுகிற செலவே கிடையாது. போன தீபாவளிக்கு வந்த உங்கள் இணைப்பில் சென்னைக் கடையின் படம் மட்டும் இருந்ததால், எங்கள் தெருவிலேயே ஒரு அம்மா கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடிக்குச் சென்னை போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான்தான் சொல்லி விழுப்புரம் அனுப்பினேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழ் சென்னையில் மட்டும் விற்பதில்லை. செஞ்சி பஸ் நிலையத்தில் விடிவதற்கு முன்பே கட்டு வந்து இறங்குகிறது, சுற்றுக் கிராமத்து டீக்கடைகளில் படிக்கிறார்கள். தீபாவளி இணைப்பு தயாரிக்கும்போது எங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தி.நகர் விலைக்குப் பக்கத்திலேயே திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலைக் கடைகளில் அதே ரகம் என்ன விலை என்று போடுங்கள். ஒரு மூலையில், ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவர் போய் வர எவ்வளவு ஆகும் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டால் போதும், மீதிக் கணக்கை நாங்கள் போட்டுக்கொள்வோம். கடைகளில் ஏழு நாளில் மாற்றித் தருகிறார்களா, ரசீதைப் படம் எடுத்து அனுப்பினால் கூரியரில் மாற்றித் தர முடியுமா என்றும் உங்கள் நிருபர்கள் கேட்டுப் போட்டால் என்னைப் போல் இழை விட்ட புடவையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

நாத்தனாரிடம் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். அண்ணியோடு ஒரு நாள் வெளியே போய் வருவது அவளுக்குப் பிடிக்கும், எனக்கும்தான். அதனால் ஆடி முடிவதற்குள் ஒரு ஞாயிறு மூவரும் மேல்மலையனூர் போய் அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு வருவது என்று பேசியிருக்கிறோம். துணியை வெள்ளிக்கிழமை சந்தைக்கு வரும்போது காந்தி பஜாரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல் கடை வைத்திருக்கும் வாசகி,
செஞ்சி.