தமிழ்ல பேர் சொல்லி வீடியோ அனுப்புற கம்பெனிக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. போன வாரம் எங்கப்பா வாட்ஸப்புக்கு இன்சூரன்ஸ்ல இருந்து ஒரு லிங்க் வந்துச்சு. தொறந்தா ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே "வணக்கம் எஸ்!"ங்குது. அப்பா பேரு செல்வம், ரெக்கார்டுல எஸ். செல்வம், அந்த எஸ் எங்க தாத்தா சுப்பையா. அப்பா மூணு தடவ போட்டுப் பாத்துட்டு "ஏண்டா, எங்கப்பா போயி இருபது வருசமாச்சு, அவர எதுக்கு இந்தப் புள்ள கூப்புடுது"ன்னாரு.

நானும் வீடியோ எடிட்டிங்தான் பண்றேன், உங்க கஷ்டம் தெரியும். ஆளாளுக்கு முழு வீடியோவையும் தனியா ரெண்டர் போட்டு உருவாக்குனா சர்வர் செலவு தாங்காது, அதனால பொதுப் பகுதிய ஒரே தடவ எடுத்து வெச்சுட்டு பேரு, தொகை, தேதின்னு குட்டி கிளிப்புங்கள நடுவுல சொருகுறீங்க. ஆப்பிள் 2009ல கொண்டாந்த எச்எல்எஸ்ங்கற, நெட்ல வீடியோ ஓட்டுற முறைல வீடியோங்கறதே சில செகண்டுத் துண்டுங்களோட பட்டியல்தான, சாதா டெக்ஸ்ட் ஃபைலு, நாலு வரிய மாத்துனா வேற வீடியோ ஆயிரும், "இங்க வேற கிளிப் ஆரம்பம்"னு பிளேயருக்கு சொல்ல டிஸ்கன்டினியூட்டின்னு ஒரு டேக் கூட இருக்கு. அதெல்லாம் சுத்தமா பண்ணிருக்கீங்க, படம் எங்கயும் குதிக்கல. தமிழ்தான் குதிக்குது.

இங்கிலீஷ்ல பேர அப்டியே நடுவுல வெச்சிரலாம். நம்ம தமிழ்ல செல்வத்துக்கு, ரமேஷுக்கு, லட்சுமிக்குன்னு பேரே உருமாறும்ல? நீங்க "செல்வம்" ஒரு கிளிப்பு, "க்கு" இன்னொரு கிளிப்புன்னு வெச்சிருக்கீங்க, நடுவுல அவ்ளோ பெரிய கேப்பு, விக்கல் எடுத்த மாதிரி இருக்கு. பிரீமியம் 12,450. அதுக்கு "பன்னிரண்டாயிரம். நானூறு. ஐம்பது." ஏலமா விடுறீங்க? பன்னெண்டாயிரத்து நானூத்தி அம்பதுன்னுதான எவனும் சொல்லுவான். ஸ்டேஷன் அறிவிப்பும் துண்டு துண்டா ஒட்டுனதுதான், ஆனா பாண்டியன் எக்ஸ்பிரஸ்னா ஒண்ணு ரெண்டு ஆறு மூணு எட்டுன்னு ஒத்த ஒத்த நம்பரா சொல்லிட்டுப் போயிரும், பத்து கிளிப்புல எல்லா வண்டியும் அடங்கிருச்சு, எங்கயும் மாட்டாது. ரூபாய்க்கு அது செல்லாது. ஆயிரம், ஆயிரத்து, நானூறு, நானூத்தின்னு ரெண்டு ரெண்டா ரெக்கார்டு பண்ணித்தான் ஆகணும்.

பேருக்கு வழி ஈஸி. கூப்புடுற மாதிரி மொதல்ல வெச்சிருங்க, "செல்வம் சார், உங்களுக்கு..."ன்னு. "க்கு" போயி "உங்க"ல ஒட்டிக்கும், அது எல்லாருக்கும் ஒரே கிளிப்புதான். ஸ்கிரிப்ட் இங்கிலீஷ்ல எழுதி தமிழாக்கினா இது கண்ணுலயே படாது, தமிழ்ல எழுதுற ஒருத்தர பக்கத்துல உக்கார வைங்க.

அப்புறம் அந்த இனிஷியல். ஃபர்ஸ்ட் நேம் கட்டத்துல ஒத்த எழுத்து இருந்தா அது பேரு இல்லங்க, அடுத்த கட்டத்தப் பாருங்க. அங்கயும் ஒண்ணும் இல்லன்னா வெறும் "வணக்கம்ங்க"ன்னு ஒரு கிளிப் எடுத்து வெச்சு அதப் போட்ருங்க, எங்கப்பா அதுக்கே திரும்ப வணக்கம் சொல்லுவாரு.