கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

2012 குடிசன மதிப்பீட்டின்படி எந்த இனமும் பாதியைத் தாண்டாத மாவட்டம் எங்கள் திருகோணமலை. தமிழ்மொழி மூல வகுப்பிலேயே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். மூதூர், வெருகல் பக்கம் கரையோர வேடர் சமூகப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனாலும் நோன்பு மாதத்தில் உச்சி வெயிலில் விளையாட்டுப் பயிற்சி வைக்கும் பாடசாலைகள் உண்டு. அதையாவது நேரத்தை மாற்றிச் சரிசெய்துவிடலாம்.

எனக்கு அதிகம் வலிப்பது சமயபாட நேரம்தான். தன் சமயத்துக்கு ஆசிரியர் இல்லாத பிள்ளை கொப்பியை மூடிவைத்துக்கொண்டு கடைசி வாங்கில் சும்மா இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் அந்தப் பிள்ளையும் சமயபாடம் எழுத வேண்டுமே! பக்கத்துப் பாடசாலை ஆசிரியரை வாரத்தில் ஒருநாளாவது அனுப்ப, வலயக் கல்வி அலுவலகங்கள் அடுத்த தவணையிலேயே ஒழுங்கு செய்ய வேண்டும்.

ஓர் ஆசிரியை,
திருகோணமலை.