ஹவர் மீட்டரைப் பார்த்து மட்டும் ஏலம் கேட்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பண்ணை ஏலங்களில் 'குறைந்த மணி ஓடியது' என்று பட்டியலில் ஏறிவிட்டால் போதும், பழைய டிராக்டருக்கு மவுசு கூடிவிடுகிறது. அந்தக் கூடுதல் விலையைப் பலர் வண்டிக்குக் கொடுக்கவில்லை, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரில் தெரியும் எண்ணுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

பழைய வண்டிகள் பலவற்றில் மீட்டரைச் சுற்றுவது இன்ஜினிலிருந்து வரும் கேபிள். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஓடினால்தான் அதில் ஒரு மணிக்கு ஒரு மணி ஏறும். 1,500 ஆர்பிஎம்முக்கு அமைத்த மீட்டர், 750-இல் இரண்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு மணி என்றே காட்டும். கேபிள் அறுந்தால் எண் நின்றுவிடும், உழவு நிற்காது. நான்கு இலக்க மீட்டர் 9,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் வண்டிக்கு மீட்டர் வந்ததே 1950-இல்தான். அதற்கு முந்தைய வண்டிக்கு மணிக்கணக்கு சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

உண்மையைத் தேய்மானம் சொல்லும். கிளட்ச், பிரேக் பெடல்களின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா பாருங்கள். ரப்பர் புதிதாக இருந்தால், பெடலைப் பக்கவாட்டில் ஆட்டி, அது சுழலும் இடத்திலுள்ள புஷ் (உள்வளையம்) தேய்ந்திருக்கிறதா பாருங்கள். கருவிகளை மாட்டி இழுக்கும் பின்பக்கச் சட்டமான டிராபாரில் பின் போடும் துளை வட்டமாக இருக்க வேண்டும். நீள்வட்டமாகியிருந்தால் நிறைய இழுத்த வண்டி. இன்ஜின் சக்தியைக் கருவிகளுக்குக் கொடுக்கும் பிடிஓ தண்டின் பற்களை விரலால் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கூராகியிருந்தால், '800 மணி' என்ற பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால், சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங்பின்னின் நிலைமை தெரியும். ரப்பர் ஹோஸ், கிரீஸ் நிப்பிள், நம்பர் பிளேட் மேலெல்லாம் பெயின்ட் படிந்திருந்தால் அவசரப் பூச்சு. சேகரிப்பவர்களுக்கு மங்கிய ஒரிஜினல் பெயின்ட்தான் மதிப்பு.

எண் உண்மையாகவே இருந்தாலும், ஓடாத வண்டி கெடாத வண்டி ஆகிவிடாது. பாதி நிரம்பிய டேங்கில் ஈரம் படிந்து, தண்ணீர் அடியில் தங்கித் துருவேறும். அந்தத் துரு ஃபில்டரை அடைக்கும். பழைய டீசல் பிசினாகி இன்ஜெக்‌ஷன் பம்ப் இறுகும். பிஸ்டன் ரிங் ஒட்டும். கிளட்ச் பிளேட் துருவால் ஃபிளைவீலோடு பிடித்துக்கொள்ளும். சீல்கள் காய்ந்திருப்பதால் ஹைட்ராலிக் எண்ணெய் ஓட ஆரம்பித்த பிறகுதான் கசியும். பின் டயரில் எடைக்காகக் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருந்தால் வால்வைச் சுற்றி ரிம் அரித்திருக்கும். இந்தச் செலவையெல்லாம் கேட்கும் விலையில் கழித்துவிட வேண்டும். ஒழுங்காக எண்ணெய் மாற்றி 4,000 மணி ஓடிய வண்டியே வயலுக்கு நல்லது என்பது என் கருத்து.

ஏல நாளன்று, ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த ஸ்டார்ட் எப்படி என்பது தெரியாமலே போகும். ஓடும்போது பிரீதர் குழாயில் (இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளிவிடும் குழாய்) புகை தள்ளுகிறதா என்றும் கவனியுங்கள்.

நெடுநாள் நின்ற வண்டியை வாங்கியவர் உடனே சாவியைத் திருப்பக் கூடாது. இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கையால் இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். டேங்கைக் காலி செய்து, ஃபில்டரும் இன்ஜின் ஆயிலும் மாற்றுங்கள். டீசலை நிறுத்தும் ஸ்டாப் நாபை இழுத்தபடி, எண்ணெய் அழுத்தம் காட்டும் வரை இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றிய பிறகே டீசல் கொடுக்கலாம்.

ஏலம் நடத்துவோர் 'மீட்டர் காட்டும் மணி', 'சர்வீஸ் பதிவேடு உறுதிசெய்யும் மணி' என்று பட்டியலில் பிரித்து அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்