செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நமது வாசகர் வட்டம் இந்த ஆண்டு 11 கூட்டங்கள் நடத்தியது. மழையால் ஒன்று நின்றுபோனது. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. நூலகத்துக்கு ஒரு பீரோ வாங்கினோம்.

அப்புறம், 'பழைய எபிரேய மந்திர ஏடுகளும் இன்றைய திகில் கதையும்' என்ற மூன்று அமர்வுகள். பொறுப்பு என்னுடையது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'செயலாளர் பில்லி சூனியத்தில் இறங்கிவிட்டார்' என்று வாட்ஸ்அப் குழுவில் கிளம்பிய பேச்சுக்கும் இதுவே பதில்.

எகிப்தின் கெய்ரோவில் யூதர்களின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில், கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்று பல நூற்றாண்டுகளாகப் பழந்தாள்களைச் சேர்த்துவைத்த அறை ஒன்று இருந்தது. 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கிருந்து 1,90,000க்கும் மேற்பட்ட துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். கெய்ரோவிலிருந்து வெளியே போன இத்தகைய துண்டுகளையும் வேறு ஏடுகளையும் வைத்து, மொர்தெகாய் மர்காலியோத் என்ற ஆய்வாளர் 1966இல் 'செபர் ஹா-ராசிம்' என்ற மந்திர நூலை ஒட்டுப்போட்டு வெளியிட்டார். பேய் வரும் என்று நினைத்துப் போனால், குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்க வழி இருக்கிறது! கிரேக்கச் சூரியக் கடவுளுக்கு எபிரேய எழுத்தில் ஒரு கிரேக்க வேண்டுதலும் இருக்கிறது. லிலித் என்ற பெண்பேயை வீட்டைவிட்டு அனுப்ப விவாகரத்துப் பத்திரம் எழுதிய அரமேய மொழிக் கிண்ணங்களைப் பற்றிச் சொன்னபோதுதான் சபை சிரித்தது.

இதற்கும் திகில் கதைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் இரண்டாவது அமர்வுக்கு வந்திருக்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் 'ரெட் ஹூக்கின் பயங்கரம்' 1927இல் வெளியானது. நியூயார்க்கின் புரூக்ளினில் நடக்கும் அந்தக் கதையில் ஒரு மந்திர வாசகம் வரும். அதில் 'அக்லா' என்று ஒரு சொல். 'ஆண்டவரே, நீர் என்றென்றும் வல்லவர்' என்ற எபிரேய வரியின் நான்கு முதலெழுத்துகள்தான் அது. யூதர்கள் தினமும் சொல்லும் ஜெபத்தில் உள்ள வரி. அது எப்படிப் பேய்மொழி ஆனது? எபிரேயத்திலிருந்து லத்தீன் மந்திரப் புத்தகங்களுக்குப் போய், அங்கிருந்து பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 9ஆம் பதிப்புக்கு வந்து, அதிலிருந்து லவ்கிராஃப்ட் கைக்கு வந்தது. மூல ஏடு எதையும் பார்த்து அவர் எழுதவில்லை. புரியாத எழுத்தே பயமாக இருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. அந்தக் கதையில் குடியேறிகள்மீது கொட்டிக்கிடக்கும் வெறுப்பையும் மறைக்காமல் பேசினோம்.

'பேய் அடைத்த பெட்டி நிஜமா?' என்று ஓர் அம்மா கேட்டார். 2003இல் இபே என்ற இணையச் சந்தையில் விற்பனைக்கு வந்த 'திப்புக் பெட்டி' அது. திப்புக் என்றால் யூதக் கதைகளில் ஆளைப் பிடிக்கும் ஆவி. 2012இல் ஹாலிவுட் படமாகவும் ஆனது. கதை தன் கற்பனைதான் என்று விற்றவரே 2021இல் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

முதல் அமர்வுக்கு 14 பேர். மூன்றாவதற்கு டீ கொண்டுவந்த தம்பியையும் சேர்த்து 5 பேர். அன்று கிரிக்கெட் என்பது எனக்கும் தெரியும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. ஜெராக்ஸ் செலவு சற்றுக் கூடிவிட்டது. அதில் ஒரு பங்கை நானே போட்டேன், அதைக் கணக்கில் காட்டவில்லை. 31 பேர் சந்தா பாக்கி. பெயர்களை இங்கே வாசிப்பது நாகரிகமல்ல. பட்டியலைப் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன்.

மாடியைத் தந்த வீட்டுக்காரருக்கும், மைக் கொடுத்தவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யார் ஏற்க முன்வந்தாலும் சாவியையும் ரசீதுப் புத்தகத்தையும் இன்றே கொடுத்துவிடுகிறேன். இரண்டு கூட்டமாக இதையேதான் சொல்கிறேன், யாரும் கை தூக்கவில்லை. இன்றும் தூக்காவிட்டால், பிராகா நகரத்துக் களிமண் மனிதன் கோலெமைப் பற்றி ஏப்ரலில் நானே தொடங்கிவிடுவேன். வருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் நாற்காலி வாடகை மிச்சம்.