முகவரி உன் பேரில் இருக்கட்டும்

ஆத்தங்குடி
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே? நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பட்டறை வாசலில் லாரி நின்றது, தரையில் பதிக்கும் நம் ஆத்தங்குடிக் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதுமட்டும் காரணமில்லை. நீ கேட்ட விஷயத்தில் நான் பட்டதை இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. இப்போது அம்மா தூங்கிவிட்டாள், சாவகாசமாக எழுதுகிறேன்.

உன் பொடி வியாபாரத்துக்கு வெப்சைட் போட அந்தத் தம்பி 55,000 ரூபாய் கேட்கிறார். மாப்பிள்ளையோ, மாதச் சந்தா கட்டினால் நாமே செய்துகொள்ளலாம், வெளி ஆள் எதற்கு என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டாய். தாயி, நான் இரண்டு வழியிலும் போய் வந்தவன். முதலில் எல்லாவற்றையும் ஓர் ஆளிடம் ஒப்படைத்தேன். பிறகு எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டிலும் பணம் போனது, பேரும் போனது.

2014-இல் நம் பட்டறைக்கு முதல் வெப்சைட் போட்டபோது நீ காலேஜில் முதல் வருஷம். செய்து கொடுத்தவர் வெளியூர்க்காரர், 25,000 ரூபாய் வாங்கினார். திறந்தால் பளபளவென்று இருக்கும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டினேன். மூன்று மாதம் கழித்துத்தான் நம் மேஸ்திரி ஒரு படத்தைக் காட்டி, "இது நம்ம கல்லே இல்லையே" என்றார். எங்கேயோ ஓர் ஓட்டலின் மார்பிள் தரையை எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே "உலகத்தரம்", "வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்" என்று இருந்தது. எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் பொருந்தும் வார்த்தைகள். அச்சு எப்படி வைக்கிறோம், எத்தனை நாள் தொட்டித் தண்ணீரில் ஊறுகிறது, எந்த மணல் என்று ஒரு வரி இல்லை. தமிழில் பட்டறைப் பேரைக்கூட எழுத்தாக வைக்கவில்லை, படமாக ஒட்டியிருந்தார். அவர் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர். மற்றவர் கம்ப்யூட்டரில் அது கிறுக்கலாகத் தெரியும் என்பதால் படமாக்கிவிட்டாராம். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடில் எழுதியிருந்தால் கூகுள் படித்திருக்கும். தமிழில் தேடிய ஒருவர் கண்ணிலும் நாம் படவில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது 2019-இல் வந்தது.

பெங்களூரிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட் அழைத்தார். "ஐயா, உங்கள் சைட்டைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறதே, என்ன ஆயிற்று?" எனக்குக் கை நடுங்கியது. அந்த வெளியூர்க்காரருக்கு அடித்தால் நம்பரே இல்லை என்கிறது. காரைக்குடியில் ஒரு பிள்ளையிடம் போய்க் காட்டியபோதுதான் விவரம் தெரிந்தது. நம் இணைய முகவரி, அதாவது டொமைன், என் பேரில் பதிவாகவே இல்லை. அவர் பேரில், அவர் மெயிலில் இருந்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் அவருக்கே போயின. அவர் தொழிலை விட்டுவிட்டார், கட்டவில்லை. டாட் காம் முகவரி காலாவதியானால் அன்றைக்கே போய்விடாது. முதலில் சில வாரம் அவகாசம் தருவார்கள். அதன் பிறகு கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள். அதையும் விட்டால் 5 நாளில் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு நாள் இருந்தும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை, ஏனென்றால் பதிவேட்டில் நான் யாருமில்லை.

நம் கல்லை எப்படிச் செய்கிறோம் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நீ. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறோம். கல்லின் முகம் கீழே கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும். வேலை முடியும்வரை நாம் பார்ப்பது முதுகைத்தான். வெப்சைட் இதற்கு நேர்மாறு. முகத்தைக் காட்டிப் பணம் வாங்கிவிடுவார்கள். யார் பேரில் பதிவு, தளத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், எங்கே வாடகைக்கு, பாஸ்வேர்டு யாரிடம் என்பதெல்லாம் முதுகு. முப்பது வருஷம் முதுகைப் பார்த்தே வேலை செய்த நான், அங்கே முகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காசோலை கொடுத்தேன்.

விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், ரோட்டோர போர்டு எல்லாவற்றிலும் அந்த முகவரி இருந்தது. போர்டை அழித்து எழுதிய அன்று அம்மா கூடவே வந்து நின்றாள். சைட் பார்த்துவிட்டு அழைக்கும் புது ஆட்கள் ஐந்தாறு மாதம் ஒருவர்கூட இல்லை.

அந்தக் கோபத்தில்தான் எல்லாவற்றையும் நானே செய்வது என்று இறங்கினேன். வெப்சைட் கட்டும் மென்பொருள் வேர்ட்பிரஸ் இலவசம், 2003-லிருந்து இருக்கிறது, உலகமே பயன்படுத்துகிறது என்றார்கள். உண்மைதான். ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். என் சொந்த வார்த்தையில் எழுதினேன், அது நன்றாக வந்தது. மற்றவை வரவில்லை.

படங்களை போனில் எடுத்து அப்படியே ஏற்றினேன். ஒவ்வொன்றும் 5 எம்பி, ஒரே பக்கத்தில் 40 படம். மொத்தம் 200 எம்பி! பட்டறை வைஃபையில் எனக்குத் திறந்தது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் நின்று போனில் பார்க்கிறவருக்கு எப்படித் திறக்கும்? உச்சி வெயிலில் எடுத்ததால் நம் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிந்தது. புனேக்காரர் ஒருவர் அதைப் பார்த்து 800 சதுர அடிக்கு ஆர்டர் கொடுத்தார். கல் போய்ச் சேர்ந்ததும், நான் கேட்ட நிறம் இதுவல்ல என்றார். அவர் மேல் தவறில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் தளத்தோடு சேர்க்கும் குட்டிச் செருகு நிரல்களை, பிளகின் என்கிறார்களே, அவற்றை ஒரு வருஷத்துக்கு மேல் அப்டேட் செய்யவில்லை. அந்த ஓட்டை வழியாக யாரோ நுழைந்துவிட்டார்கள். நம் பக்கத்தைத் திறந்தவர்கள் ஏதோ மாத்திரை விற்கும் பக்கத்துக்குப் போனார்கள்.

இவற்றைவிடப் பெரிய நஷ்டம் பட்டறையில் நடந்தது. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நாட்களில் இரண்டு லாட் கல்லைத் தொட்டியிலிருந்து நாள் கணக்கு முடியும் முன்னரே எடுத்துவிட்டார்கள். ஓரம் பொரிந்தது. நான் தொட்டியடியில் நின்றிருந்தால் அது நடந்திருக்காது. மாப்பிள்ளையிடம் இதைச் சொல். நாமே செய்தால் செலவில்லை என்று அவர் நினைக்கிறார். நீ வறுக்கிற மிளகாய் கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் அதில் போகும்.

2022-இல் மூன்றாவது தடவை. காரைக்குடியில் ஒரு பெண், உன்னைவிட இரண்டு வயது சின்னவள். 40,000 கேட்டாள். பணம் பேசும் முன்பு ஒருநாள் காலையிலிருந்து மதியம்வரை பட்டறையில் உட்கார்ந்து, எனக்கு வந்த போன்களையெல்லாம் கேட்டாள். "ஐயா, எல்லோரும் நாலு கேள்விதான் கேட்கிறார்கள். சதுர அடி என்ன விலை, எத்தனை கல் வேண்டும், எங்கள் ஊருக்கு லாரி வருமா, நிறம் மங்குமா. இந்த நாலுக்கும் பதில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்" என்றாள். எத்தனை கல் என்ற பட்டியலை நான்தான் எழுதினேன். 100 சதுர அடிக்கு 8 அங்குலக் கல் 225, 10 அங்குலம் 144, 12 அங்குலம் 100, உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து கூட. இது நமக்கு வாய்ப்பாடு, அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதைப் போன் திரையில் கட்டம் உடையாமல் நிறுத்துவது அவளுக்கு வாய்ப்பாடு, எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. படங்களைக் காலை வெளிச்சத்தில், நிழலில் வைத்து எடுக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் சுருக்கினாள். 'கையால் செய்வது, கல்லுக்குக் கல் நிறம் சற்று மாறும்' என்று என்னை எழுதச் சொல்லி, படத்துக்குக் கீழேயே வைத்தாள். அதன் பிறகு நிறத்தை வைத்து ஒரு சண்டைகூட இல்லை.

இப்போது திங்கட்கிழமை காலையில் விலையும் புதுப் படமும் நானே மாற்றுகிறேன். அரை மணி நேரம். மற்றதெல்லாம் அவள் பொறுப்பு, வருஷத்துக்கு ஒரு தொகை.

இனி உன் விஷயம். ஆறு பொடி வைத்திருக்கிறாய், ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து யாருக்குப் பணம் வந்தது, யாருக்கு வரவில்லை என்று தேடுகிறாய். உனக்குத் தேவை அந்தச் சங்கிலிதான். ஆர்டர், பணம், எடைக்கு ஏற்ற கூரியர் கட்டணம் மூன்றும் ஒன்றோடொன்று கோத்து ஓட வேண்டும். அது தெரிந்த ஆள் செய்ய வேண்டிய வேலை. ஆகவே அந்தத் தம்பிக்கே கொடு என்பது என் எண்ணம். முகப்பில் ஓடுகிற படம், அசைகிற எழுத்து இதையெல்லாம் குறைக்கச் சொல், தொகையும் குறையும்.

ஆனால் அவருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், முகவரியை நீயே உன் பேரில், உன் மெயிலில், உன் கார்டில் பணம் கட்டிப் பதிவு செய்துவிடு. வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். ஒரே தடவையில் 10 வருஷம்வரை கட்டி வைக்கலாம். சர்வர் வாடகையும் உன் கணக்கிலேயே இருக்கட்டும். உள்ளே வந்து வேலை செய்ய அவருக்குத் தனியாக ஒரு பயனர் பேர் கொடு, முடிந்ததும் எடுத்துவிடு. பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி மாப்பிள்ளை வைத்துக்கொள்ளட்டும். கணக்கு வழக்கில் அவரைப் போலக் கவனமான ஆள் நம் வீட்டில் இல்லை.

எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வக்கீல் ஒருவர் எனக்குச் சொன்னது: காசு கொடுத்துவிட்டதாலேயே வெளி ஆள் செய்த வேலையின் பதிப்புரிமை நமக்கு வந்துவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அதைக் கையெழுத்துப் போட்டு எழுதி மாற்றித் தர வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருஷம்தான் என்று கொள்ளும். எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூருக்குப் பொடி அனுப்பும் எண்ணம் உனக்கு உண்டு, இரண்டையும் மறக்காமல் எழுதச் சொல்.

எதில் கட்டுகிறார் என்றும் கேள். நம்மூர்ப் பக்கம் பழைய வீட்டைப் பிரித்தால் பர்மா தேக்குத் தூணை அப்படியே கழற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள், வேறு வீட்டில் நிறுத்துகிறார்கள். தரையில் பதித்த கல்லைப் பெயர்த்தால் பாதி உடைகிறது. வேர்ட்பிரஸ் தளம் தூண் மாதிரி, வேறு சர்வருக்குக் கழற்றிக்கொண்டு போகலாம். மாப்பிள்ளை சொன்னாரே மாதச் சந்தாச் சேவை, விக்ஸ், அது பதித்த கல். சந்தாவை நிறுத்தினால் தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியாது. ஒரே ஒரு பக்கம் போதும் என்றிருந்தால் அதுவே போதும் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த உன் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் முதல் பக்கத்தில் தெரியட்டும். 2020-இல் வந்த மின் வணிக விதிகளின்படி உன் முகவரி, தொடர்பு எண், குறை கேட்கும் அலுவலர் பேர் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பணம் திருப்பும் விதிமுறையை வேறு தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடுவார்கள், விடாதே. பொடி பாக்கெட் கூரியரில் கிழிந்து போனால் நீ என்ன செய்வாய் என்பதை நீயேதான் எழுத வேண்டும்.

பொடிகளைப் பற்றியும் நீயே எழுது, தாயி. பருப்புப் பொடியில் பூண்டைத் தோலோடு வதக்குவது ஆச்சி பழக்கம். அதை எந்த டிசைனரும் எழுத மாட்டார். பேச்சுத்தமிழில் வந்தாலும் பரவாயில்லை, பேசுகிறபடியே எழுது.

படம் எடுக்க அம்மா பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் பஸ்ஸில் தெரிந்தவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் சமையல்கட்டுக் கிழக்கு ஜன்னல் ஓரம் காலை எட்டு மணி வெளிச்சம் நன்றாக விழும், அங்கே வைத்து எடு. முகவரி பதிவானதும், நள்ளிரவானாலும் சரி, ஒரு போன் போடு. யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று அந்தத் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்
அப்பா