எங்கள் சின்னஞ்சிறு நகரத்துக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் பள்ளி மாணவர்கள் நான்காண்டுகளாகக் கட்டிவந்த மாதிரி நகரம் நிறைவடைந்துவிட்டது. யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறோம் என்பது விளங்க வேண்டுமானால், அது உருவான கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் இது விகிதம் கற்பிப்பதற்கான கணிதப் பாடம் மட்டுமே. பிள்ளைகளிடம் அளவுநாடாவைக் கொடுத்துக் கட்டடங்களை அளந்து அட்டையில் செய்துவரச் சொன்னேன். ஒரு குழு 1:50 என்றும் மற்றொன்று 1:20 என்றும் வைத்துக்கொண்டதால், காவலர் அறை பள்ளிக் கட்டடத்தைவிட உயர்ந்து நின்றது. பொது அளவை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. மாணவி ஒருவரின் தாத்தா, ஓய்வுபெற்ற நில அளவையாளர், 1:25 என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு மீட்டருக்கு 4 சென்டிமீட்டர். எனவே இரண்டு மீட்டர்க் கதவு 8 சென்டிமீட்டர், 15 சென்டிமீட்டர்ப் படி 6 மில்லிமீட்டர் என்று பிள்ளைகள் மனக்கணக்காகவே சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பெரியவருக்கு எங்கள் முதல் நன்றி.

நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மதுரோடாம் என்னும் மாதிரி நகரமும் இதே அளவில் அமைந்தது என்பதை எங்கள் நூலகர் தேடித் தந்தார். இங்கிலாந்தில் 1929-இல் திறக்கப்பட்ட பெகான்ஸ்காட் மாதிரிக் கிராமத்தை முன்னோடியாகக் கொண்ட அந்நகரம், 1945 பிப்ரவரியில் நாஜிகளின் டாக்காவ் வதைமுகாமில் உயிர்நீத்த டச்சுப் படை அதிகாரி ஜார்ஜ் மதுரோவின் நினைவாக, அவருடைய பெற்றோர் அளித்த பொருளுதவியால் எழுந்து, 1952 ஜூலை 2-இல் திறக்கப்பட்டது. அதன் வருவாய் காசநோயுற்ற மாணவர்களின் சிகிச்சைக்குச் சென்றது. இளவரசி பெயாட்ரிக்ஸ் தமது 14-ஆம் வயதில் அதன் முதல் மேயரானார் என்று கேட்டதுமே, எங்கள் பிள்ளைகளும் தங்களுக்குள் ஒரு நகர மன்றத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் யாரும் வீடுகளைத் திருத்தித் தரக்கூடாது என்பதே அம்மன்றத்தின் முதல் தீர்மானம்.

அத்தீர்மானத்தை மதித்த அனைவருக்கும் நான் தனிப்பட்ட முறையிலும் கடமைப்பட்டிருக்கிறேன். தச்சர் அண்ணன் மின்ரம்பத்தில் பலகைகளை அறுத்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார். உப்புத்தாள் தேய்ப்பதிலிருந்து மற்றதெல்லாம் பிள்ளைகளின் வேலை. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தீக்குச்சிகளால் செய்த சன்னல் சட்டத்தைச் சற்றே சாய்வாக ஒட்டியபோது, அண்ணனின் கை பாதிவரை நீண்டு, அப்படியே திரும்பிச் சட்டைப்பைக்குள் போனதை நான் பார்த்தேன். அந்தச் சன்னல் இன்றும் சாய்ந்தேதான் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டின் மழை எங்களைக் கலங்கடித்தது. அரை மீட்டர் அகல வடிகாலை அளவு பிசகாமல் 2 சென்டிமீட்டராகச் செய்திருந்தோம். ஒரே ஒரு சருகு விழுந்து அடைத்துக்கொண்டது. தேங்கிய நீரில் பிளைவுட் சுவர்களின் அடிப்பகுதி உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளின் நடுவே குந்தி உட்கார்ந்த கொத்தனார் ஐயா, வீட்டைச் சிறிதாக்கலாம், மழையையும் இலையையும் சிறிதாக்க முடியாது என்பதை ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றியே காட்டினார். பிறகு அவர் வழிகாட்ட, வீதிகளுக்கு அடியில் முழு அளவுக் குழாய் பதித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் சிமென்ட் பீடம் வார்த்தார்கள். கூலி வாங்க அவர் கடைசிவரை இசையவில்லை.

பொருளுதவி செய்த பெற்றோருக்கும், விடுமுறை நாள்களிலும் வாயிற்கதவைத் திறந்துவைத்த காவலருக்கும், வண்ணமும் வார்னிஷும் தந்துதவியவர்களுக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

சென்ற வாரம் இரவெல்லாம் நல்ல மழை. காலையில் மணியடிக்கும் முன்பே நகர மன்றத்தார் ஓடிச்சென்று பார்த்தார்கள். வீதிகளில் நீர் தேங்கவில்லை. கொத்தனார் ஐயாவிடம் இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், இம்மடலின் வழியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
மாதிரி நகரப் பணிக்குழுவின் சார்பில்,
கணித ஆசிரியர்